ஸ்பீக்கர் இல்லாத அலறல்

2025 மே 7 அன்று நாடு முழுக்கப் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததே, அன்றைக்கு டிவியில் சைரன் சத்தம் கேட்ட நண்பரின் மகள் என்னிடம் கேட்டாள்: "அதுக்குள்ள எவ்ளோ பெரிய ஸ்பீக்கர் இருக்கும் மாமா?"

பழைய மோட்டார் சைரனில் ஸ்பீக்கரே கிடையாது. அதிர்கிற தகடோ கம்பியோகூட இல்லை. சுற்றிலும் ஜன்னல் வெட்டிய ஓர் உருளை, அதைச் சுற்றி அதேபோல் ஜன்னல் வெட்டிய, அசையாத ஒரு வளையம், அவ்வளவுதான். மோட்டார் உருளையைச் சுழற்றும்போது ஜன்னலும் ஜன்னலும் நேராக வந்தால் காற்று புஸ்ஸென்று வெளியே பாயும், விலகினால் சட்டென்று அடைபடும். உருளையில் 10 ஜன்னல், நொடிக்கு 47 சுற்று என்றால் நொடிக்கு 470 தடவை காற்று வெட்டுப்படுகிறது. காதுக்கு அது 470 ஹெர்ட்ஸ் சுரம். காற்றை வெங்காயம் மாதிரி நறுக்கியே சத்தம் உண்டாக்குகிறார்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஏற்ற இறக்கம்தான். அதற்கென்று தனிக் கருவி எதுவும் இல்லை. சுவிட்சைப் போட்டால் உருளை வேகமெடுக்கிறது, சுரமும் கூடவே ஏறுகிறது. அணைத்தால் கனமான உருளை உடனே நிற்காமல் மெல்லத் தளர, சுரமும் தளர்ந்து இறங்குகிறது. நம் வயிற்றைக் கலக்கும் அந்த ஓலம், வெறும் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுதான்.

இந்த எளிய சங்கதியை உச்சத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்காவின் கார் கம்பெனி கிரைஸ்லர். இரண்டாம் உலகப் போரின்போது பெல் என்ற தொலைபேசி ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து ஒரு சைரன் செய்தார்கள். அப்புறம் 1952-இல், அணுகுண்டுப் பயம் உச்சத்தில் இருந்தபோது, 180 குதிரைத்திறன் கொண்ட, எட்டு சிலிண்டர் வி8 கார் எஞ்சினையே வைத்து இன்னொன்று. எடை சுமார் 3 டன். எஞ்சின் ஒரு பக்கம் காற்றை அழுத்தித் தள்ளும், மறுபக்கம் அதை நறுக்கும் உருளையைச் சுற்றும், நறுக்கிய காற்று 6 கொம்புகள் வழியாக ஊருக்குள் பாயும். கொம்பு அழகுக்கு இல்லை. குறுகிய வாயிலிருந்து திடீரென்று திறந்தவெளிக்கு வந்தால் ஒலியில் பெரும்பகுதி திரும்பி உள்ளேயே மோதும்; மெல்ல மெல்ல விரியும் வாய் அதை வழுக்கியபடி வெளியே அனுப்புகிறது. நாகஸ்வரத்தின் அடிவாயான அணைசு விரிந்திருக்கிறதே, அது போல.

அதன் சத்தம் 100 அடி தூரத்தில் 138 டெசிபல் (சத்தத்தின் அளவு). தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும், ஆக 7 தடவை இரட்டித்து, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் கணக்குப்படி 96 மிச்சம். காற்றும் கட்டடங்களும் இன்னும் கொஞ்சம் தின்னும், சரி, இருந்தாலும் தூங்குகிறவரை எழுப்பப் போதும்.

1957-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். எந்தக் குண்டுக்காகச் செய்தார்களோ அது வரவேயில்லை. வீண் செலவு என்பார்கள் சிலர், நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கி மாட்டுவதற்குக் கிடைக்கிற பணம், மாதாமாதம் எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்க்க பல ஊர்களில் கிடைப்பதில்லை. அப்படி விட்டால், நிஜ ஆபத்தில் சைரனுக்குப் பதில் நமக்குத்தான் சங்கு.

அந்தப் பெண்ணுக்கு அட்டையில் வட்டம் வெட்டி, ஓரமாக 24 ஓட்டை போட்டு, பொம்மை மோட்டாரில் மாட்டி, ஸ்ட்ராவால் ஊதிக் காட்டினேன். சன்னமாக ஒரு விசில் வந்தது, கூடவே கரகரப்பு. ஓர் ஓட்டையை இடம் தவறிப் போட்டிருந்தேன்.