அண்ணாந்து பார்க்கும்போது நாய் எங்கே நிற்கிறது?

சென்ற மாசியில் ஓர் இரவு, ஒன்பது மணிக்கு மேல், மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தபடி ஒருவர் தன் நாயை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மிருக வைத்தியசாலைக்கு வந்தார். அதன் மூக்கும் கன்னமும் வீங்கி, முரசிலிருந்து (பல் ஈறு) இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "பிள்ளையளுக்கு வெள்ளி காட்டக் கூட்டிக்கொண்டு போனனான் டொக்டர். எல்லாரும் மேலதான் பார்த்துக்கொண்டு நின்றனாங்கள்" என்றார். அறுத்த வயலின் வரம்போரம் கடித்தது புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்). விஷமுறிவு மருந்து கொடுத்து, நான்கு நாள் சேலைன் ஏற்றித்தான் காப்பாற்றினோம்.

நானும் என் நாயோடு இரவில் வெள்ளி (நட்சத்திரம்) பார்க்கத் திறந்த வெளிகளுக்குப் போகிறவன்தான். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாசியில் யாழ்ப்பாணத்தில் மாரிமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல இருக்கும். இரவு எட்டு மணியளவில் திருவாதிரை வெள்ளி சிவந்து ஏறத்தாழ உச்சியில் நிற்கும். தெற்கே தாழ்வாக அகத்தியர். இலண்டனில் இருக்கிற நம் உறவுகளுக்கு அந்த வெள்ளி அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வடக்கே துருவமீன் 10 பாகை உயரத்தில்தான் இருக்கும். பனங்கூடல் நின்றால் தெரியாது. அதற்கு வல்லை வெளி போல மறைப்பில்லாத இடம் வேண்டும்.

ஆனால் காலபோக நெல் அறுவடையும் இதே நாட்களில்தான். சிந்திய நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் புடையன் வரும். நாய் எலி மணத்தைப் பிடித்துக்கொண்டு வைக்கோலுக்குள் மூக்கை விடும். அதனால்தான் கடிகளைப் பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் காண்கிறேன்.

எனவே சங்கிலியைக் கழற்றாதீர்கள். எவ்வளவு சொல் கேட்கும் நாயாக இருந்தாலும் சரி. தோட்டப் பக்கம் என்றால் கட்டில்லாத கிணறுகளும் இருக்கின்றன. இருட்டில் ஓடுகிற நாய்க்கு அது தெரியாது. பாயை விரிக்குமுன் சுற்றியுள்ள தரையை ரோச் லைற் அடித்துப் பாருங்கள். அப்புறம் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு இருங்கள்.

வெளிச்சம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும்; அது கெடாமல் இருக்க ரோச் லைற்றுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள். நல்ல வழிதான், ஆனால் ஓரிடத்தில் இருந்து பார்க்கும்போது மட்டும். நடக்கையில் வெள்ளை வெளிச்சமே வேண்டும். மங்கிய சிவப்பில் புடையனும் சருகும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வெள்ளிகளைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசர் நாய் நிற்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். நேரே பட்டால் கண்ணின் விழித்திரை கெடும். தரையில் ஓடும் ஒளிப்புள்ளியைத் துரத்திப் பழகிய நாய்கள் சில, பிறகு வீட்டில் நிழலையும் சுவரில் படும் வெயிலையும்கூட நிம்மதியில்லாமல் துரத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம்.

பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். முகம் வீங்கினால் கழுத்தும் வீங்கலாம், கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். வரும் வழியிலேயே மிருக வைத்தியரை அழைத்து மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். பாம்பைத் தேடி நேரத்தைக் கடத்தவேண்டாம். எட்டடி விரியன் (கட்டு விரியன்) கடித்தால் வீக்கமே இருக்காது. கால் தள்ளாடுவதும் இமை தொங்குவதும்தான் அடையாளம். காயம் காணவில்லை என்று காலைவரை பார்த்திருந்தால் நாய் மூச்சடைத்துப் போய்விடும்.

தெருநாய்கள் குறுக்கே வரும் இடங்கள் என்பதால் விசர்நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்கவேண்டும்.

வீடு திரும்பியதும் வெளிச்சத்தில் வைத்து உண்ணி பாருங்கள். காதுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப்பட்டிக்குக் கீழே. கண்டால் குறட்டால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் பூசாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே காட்டாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும், முரசு வெளிறும், சிறுநீர் தேயிலைச் சாயம் போல வரும். அப்போது எங்களிடம் வந்தால், எந்த நாளில், எந்த வெளியில் நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.