வலிப்பு வந்த குழந்தைக்கெல்லாம் வலிப்பு நோய் இல்லை

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது; திடீரெனக் கண்கள் மேலே செருகி, பல் கிட்டிக்கொண்டு, கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. யாரோ ஓடிவந்து உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். இரண்டொரு நிமிடத்தில் இழுப்பு நிற்கிறது. நிறுத்தியது சாவி அன்று. இவ்வகை வலிப்புகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. இரும்பின் மீது நம்பிக்கை இத்தனை காலம் நிலைத்ததற்கும் அதுவே காரணம். செய்ய வேண்டியது, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்ப்பது. 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நின்றுவிட்டாலும் முதல் முறை என்றால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

காய்ச்சல் வலிப்பு எனப்படும் இது, 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருகிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டவும் அடக்கவும் செய்கின்றன. வளரும் மூளையில் இந்தச் சமநிலை இன்னும் உறுதிப்படாதிருக்க, காய்ச்சலின் வெப்பம் அணுக்களின் மின்னியல்பையும் மாற்றிவிடுவதால், பெருந்திரளான அணுக்கள் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு அது மறுபடியும் வரலாம். ஆயினும், சாதாரணக் காய்ச்சல் வலிப்பு கண்ட நூறு குழந்தைகளில் பின்னாளில் வலிப்பு நோயாளி ஆவோர் ஓரிருவரே.

வலிப்பு நோய் என்பது வேறு. காய்ச்சல் போன்ற உடனடித் தூண்டுதல் ஏதுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வந்தாலோ, ஒருமுறையே வந்து மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம் எனத் தெரிந்தாலோதான் மருத்துவர்கள் அப்பெயரை இடுகிறார்கள். குழந்தைகளில் இது நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. அவர்களிலும் பத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்கு மாத்திரையே வலிப்பைக் கட்டுப்படுத்திவிடும்.

இந்தக் கணக்கில் எளிதில் தவறிப்போகிறவர்கள், இழுப்பே இல்லாத வலிப்புள்ள பிள்ளைகள். ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும் சிறுமியின் பென்சில் நிற்கிறது; இமைகள் படபடக்க, பார்வை வெறிக்கிறது; பத்து வினாடியில் எழுத்து தொடர்கிறது, நடுவில் இரண்டு சொற்களைக் காணோம். கவனமில்லை என்று திட்டு வாங்குவாள். 4 வயதுக்குப் பின் தலைகாட்டும் இந்த 'வெறித்த பார்வை' வலிப்பு ஒரு நாளில் பலமுறை வரக்கூடியது. வேகமாக மூச்சு விடுவது இதைத் தூண்டும் என்பதால், காகிதக் காற்றாடியைத் தந்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னால், பெரும்பாலும் மருத்துவரின் கண்ணெதிரிலேயே காற்றாடி நின்றுவிடும். மூளையின் மின் அலைகளைக் காட்டும் பதிவில் (இ.இ.ஜி.) அந்த நேரம் வினாடிக்கு மூன்றாக, சீரான கூர்முனை அலைகள் ஓடும்.