கிளினிக்கல் ட்ரயல்: சிகிச்சை ஆய்வு

கிளினிக்கல் ட்ரயல் என்பது, ஒரு புதிய மருந்தோ சத்திரசிகிச்சையோ கதிர்வீச்சு முறையோ பலன் தருகிறதா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் ஆய்வு. முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படி, சம்மதம் தந்த மனிதரிடம் செய்யப்படுவது. தமிழில் 'சிகிச்சை ஆய்வு' என்று சொல்லலாம். அப்பாவுக்குச் சதையியில் (கணையத்தில்) அசினார் கலப் புற்றுநோய் என்ற அரிய வகை வந்திருக்கிறது, அவருக்கேற்ற ட்ரயலை எப்படித் தேடுவது என்று கேட்பவருக்காக இந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு சொற்களுமே திருகோணமலையில் புழங்குபவைதான், ஆனால் வேறு பொருளில். 'நாளைக்குக் கிளினிக்' என்றால் மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ கொப்பியோடு விடியவே ஆஸ்பத்திரிக்கு வந்து நம்பர் எடுக்கிற நாள். 'ட்ரயல்' என்றால் தைக்கக் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்ப்பது. பத்திரிகை வாசிக்கிறவருக்கு அது 'ட்ரயல் அட் பார்', நீதிமன்ற விசாரணை. போதாக்குறைக்குத் தெல்லிப்பழையில் 'ட்ரெயில்' புற்றுநோய் வைத்தியசாலை வேறு இருக்கிறது. அந்தப் பெயர் 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்த பயணத்திலிருந்து வந்தது. ட்ரயலுக்கும் அதற்கும் உறவில்லை.

கிரேக்கத்தில் 'கிளினே' என்றால் கட்டில். கட்டிலில் கிடக்கும் நோயாளியிடம் போய்ப் பார்க்கும் வைத்தியர் 'கிளினிகோஸ்'. 'ட்ரயல்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பொறுக்கிப் பிரித்தெடுப்பதைக் குறிக்கும் வினை அதன் வேர். 1747 மே மாதம் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் செய்தது அதைத்தான். ஸ்கர்வி நோயால் துவண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும் விரைவில் தேறினார்கள். பிற்காலத்தில் நமது துறைமுகத்தைத் தளமாக்கிக்கொண்ட பிரித்தானியக் கடற்படையின் வைத்தியர்தான் அவர்.

தமிழில் 'மருத்துவப் பரிசோதனை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை என்று பழகிய காதுக்கு அது இன்னொரு ரிப்போர்ட். அதை விளங்கிக்கொண்டவரோ, 'அப்பாவில பரிசோதனை செய்து பார்க்கப் போறாங்களோ?' என்று பதறுவார். 'மருந்தாய்வு' அழகான சொல், ஆனால் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் அதற்குள் அடங்காது. அதனால்தான் சிகிச்சை ஆய்வு.

சரி, சதையிப் புற்றுநோய்க்கு வருவோம். தமிழ்நாட்டார் கணையம் என்பதை நாம் பள்ளிக்கூடத்தில் சதையி என்று படித்தோம். ஆங்கிலப் பெயரின் கிரேக்க மூலமும் 'முழுக்கச் சதை' என்றே பொருள்படும். சதையியில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை, அதன் குழாய்களில் தொடங்கும் அடினோகார்சினோமா வகை. அசினார் கலப் புற்றுநோய் நூற்றில் ஒன்றிரண்டுதான். அசினஸ் என்பது லத்தீனில் திராட்சை போன்ற சிறு பழம். சமிபாட்டு நொதிகளைச் சுரக்கும் கலங்கள் அப்படிக் குலையாக இருப்பதால் அந்தப் பெயர்.

இந்த வித்தியாசம் ஆய்வு தேடும்போது பெரிய விஷயம். 'சதையிப் புற்றுநோய்' என்று தலைப்பிட்ட பல ஆய்வுகள் உள்ளே போய்ப் பார்த்தால் அடினோகார்சினோமாவை மட்டுமே சேர்க்கும். ஆகவே பயொப்சி ரிப்போர்ட்டில் உள்ள வகைப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் எடுத்து அதைக் கொண்டு தேட வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் ஆய்வுப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தனிப் பதிவேடுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளம் பல நாட்டுப் பதிவேடுகளை ஒன்றாகக் காட்டும். ஆள் சேர்ப்பு நடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்; முடிந்துபோன ஆய்வும் பட்டியலில் கிடக்கும்.

அரிய வகைக்கு ஆள் குறைவு, அதனால் அதற்கென்றே நடக்கும் ஆய்வும் குறைவு. இங்கேதான் 'பாஸ்கெட் ட்ரயல்' உதவும். கூடை ஆய்வு என்றே சொல்லலாம். எந்த உறுப்பு என்று பாராமல், கட்டியில் உள்ள மரபணு மாற்றத்தை வைத்து ஆட்களைச் சேர்ப்பது அது. இந்த வழியில்தான் 2018 இல் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு, என்டிஆர்கே மரபணு இணைவு உள்ள கட்டிகளுக்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அசினார் வகையில் சிலருக்கு பிராஃப், பிஆர்சிஏ மரபணு மாற்றங்கள் காணப்படுகின்றன. பயொப்சித் துண்டில் மரபணுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று புற்றுநோய் டொக்டரிடம் கேளுங்கள். (இந்த இடத்தில் 'பரிசோதனை' சரியான சொல்தான்.)

கேட்பதென்றால் கீமோ தொடங்கும் முன்பே கேட்பது நல்லது. சில ஆய்வுகள் முன்பு எந்தச் சிகிச்சையும் பெறாதவரை மட்டும் எடுக்கும். வேறு சில, ஒரு சிகிச்சை கைகொடுக்காதவரைத்தான் எடுக்கும். நோயாளி எழுந்து நடமாடும் நிலையில் இருக்கிறாரா, ஈரலும் சிறுநீரகமும் எப்படி இயங்குகின்றன என்பதையும் பார்ப்பார்கள். ஆய்வு மருந்துக்கு வழமையாகப் பணம் வாங்குவதில்லை. ஆனால் ஆய்வு சென்னையிலோ மும்பையிலோ நடந்தால் விசாவும் பயணமும் தங்குமிடமும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். எத்தனை கிழமைக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒரு துணைச்சொல்: 'இன்ஃபோர்ம்ட் கன்சென்ட்', அறிந்து தரும் சம்மதம். கையெழுத்து வைக்கும் முன் தாளை விளங்கும் மொழியில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கலாம். வைத்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். அதற்காக வழமையான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.