பிபிஎஸ்: நிவாரண மையமா, புகலிடமா?

கோலாலம்பூரில் மழை விடாமல் கொட்டத் தொடங்கினால் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி ஓடும்: "பிபிஎஸ் தொறந்தாச்சா?" பூசாட் பெமிண்டாஹான் செமெந்தாரா என்ற மலாய்த் தொடரின் சுருக்கம் அது. வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறுவோரைத் தங்கவைக்கப் பள்ளியிலோ டேவானிலோ (பொது மண்டபம்) திறக்கப்படும் இடம். சமூக நலத்துறை நடத்துவது.

பூசாட் மையம், செமெந்தாரா தற்காலிகம். சங்கதி நடுச்சொல்லில் இருக்கிறது. வீடு மாறுவதை "பிண்டா பண்றோம்" என்று மலேசியத் தமிழர் நாமே சொல்வோம். அந்த வேரிலிருந்து மலாயில் இரண்டு பெயர்கள் பிறக்கின்றன. தானாக மாறுவது பெர்பிண்டாஹான். ஒருவரை இன்னொருவர் மாற்றுவது பெமிண்டாஹான். தமிழில் இடம்பெயர்தல், இடம்பெயர்த்தல் என்று ஒரு 'த்' செய்துவிடும் வேலை. ஆகவே பிபிஎஸ் என்பது மக்களை இடம்பெயர்த்துத் தங்கவைக்கும் இடம்.

நம் நாளிதழ்கள் 'தற்காலிக நிவாரண மையம்' என்கின்றன. 'துயர் துடைப்பு மையம்' என்றும் எழுதுவதுண்டு. நிவாரணம் வடசொல். தடுத்தல், நீக்குதல் என்பது அதன் மூல அர்த்தம். நம் வழக்கில் அது அரிசிப் பை, உதவித்தொகை என்று சுருங்கிவிட்டது. துயர் துடைப்பு காதுக்கு இனிமைதான். ஆனால் துயர் வந்தபின்தானே துடைக்க முடியும்? மலாய்ச் சொல்லோ, தண்ணீர் வாசலேறுமுன் போகவேண்டிய இடத்தைச் சொல்கிறது.

கோலாலம்பூர் நடுவிலுள்ள மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் வரும் திடீர் வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். எல்லா வெள்ளமும் அப்படித்தான் என்று நினைப்பது ஆபத்தானது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் அது. கடல் ஏற்றத்தின்போது ஆற்றுநீர் எளிதில் கடலுக்கு இறங்காது. மாடியேறிக் காத்திருந்தவர்கள் சோறும் மின்சாரமும் இல்லாமல் படகை எதிர்பார்த்துக் கிடந்தார்கள்.

வடிகால் நீர்ப்பாசனத் துறை, ஆறு ஏறும்போது நீர்மட்டத்தை வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்) என்று படிப்படியாக அறிவிக்கும். அமாரானிலேயே கிளம்பிவிடுங்கள். பஹாயாவரை காத்திருந்தால் சாலை முழுகிவிடும், கார் உதவாது. தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், அன்றாட மருந்து ஆகியவை நீர் புகாத பையில் இருக்கட்டும். மையத்தில் குடும்பத்தார் அத்தனை பேரையும் பதியுங்கள். 2021 வெள்ளத்துக்குக் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் வாங் இஹ்சான் என்ற அரசு உதவித்தொகை கிடைத்தது; எங்கும் பதியாமல் உறவினர் வீட்டில் தங்கியவர் பிறகு பாதிப்பை நிரூபிக்க அலைய நேரும். திரும்பிப்போய் வீடு கழுவும்போது பூட்ஸ் போடாவிட்டால் காலிலுள்ள சிறு கீறல் வழியே எலிச்சிறுநீர்க் காய்ச்சல் தொற்றலாம். மலாயில் கெஞ்சிங் திக்குஸ் என்றால் இங்கே எல்லாருக்கும் புரியும்.

தமிழில் பொருந்துவது 'தற்காலிகப் புகலிடம்'. புகு என்ற வினையில் பிறந்தது புகல். சீர்காழியின் பன்னிரு பெயர்களில் ஒன்று புகலி. ஊழி வெள்ளத்தில் மிதந்ததாகச் சொல்லப்படும் தோணிபுரமும் அதே ஊர்தான். புகலிடம் என்றால் அகதிகள் நினைவு வருகிறதே என்பார்கள். 'வெள்ளப் புகலிடம்' என்று எழுதினால் அந்த மயக்கம் தீரும். பேச்சில் பிபிஎஸ் இருந்துவிட்டுப் போகட்டும்.