முற்றத்து வெளிச்சத்தில் ஒரு கிண்ணம் அசோகா

திருவையாற்றில் அத்தை வீட்டில் ஒரு ராத்திரி அசோகா அல்வா கிளறி இறக்கினார்கள். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யில் வெந்து, செக்கச்செவேலென்று கிண்ணத்தில் தளதளத்தது. போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். படத்தில் களிமண் உருண்டை மாதிரி விழுந்திருந்தது, நடுவே ஒரு வெள்ளைத் திட்டு வேறு. “காலையில மித்தத்துல வச்சு எடுடா, அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கும்” என்றார் அத்தை. அவர் சொன்னது இயற்பியல்படியும் சரி.

நெய் பூசிய பரப்பு கண்ணாடி போல. ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். போனில் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், லென்ஸைப் பார்த்திருக்கும் இடமெல்லாம் ஒளியை நேராகக் கேமராவுக்கே திருப்பி அனுப்பும். அதுதான் அந்த வெள்ளைத் திட்டு. நிழலோ பொருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மேடு பள்ளத்தை நாம் நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். நிழல் தெரியாவிட்டால் அசோகா தட்டையாகிவிடும். ஒளி பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வந்தால், கரண்டி இழுத்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் நிழல்.

வானத்தில் சூரியனின் அகலம் வெறும் அரை டிகிரிதான். அத்தனை சின்ன விளக்கின் நேர் வெயில் கத்தி வைத்து வெட்டியது போன்ற நிழலைத் தரும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு முற்றத்தில் பெரும்பாலும் நேர் வெயில் இறங்காது. திறந்த வானம் முழுவதும் விளக்காகிறது. விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் கரையும், நெய்யின் பளபளப்பும் ஒரே புள்ளியில் குவியாமல் பரவும். தாழ்வாரத்து ஓரத்தில் கிண்ணத்தை வைத்து, வெளிச்சம் வராத பக்கம் இருட்டாக இருந்தால் மடித்த வெள்ளை வேட்டி ஒன்றைப் பிடித்தால் போதும். கூடத்து பல்பை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒளி மஞ்சளா நீலமா என்பதை நிற வெப்பநிலை என்ற அளவால் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம். மஞ்சள் பல்புக்கு அது சுமார் 2700 கெல்வின், நிழலில் வரும் வான ஒளியோ 7000-ஐத் தொடும். இரண்டும் கலந்தால் கேமரா ஒன்றைத்தான் சரிசெய்யும். மற்றது படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ நிற்கும்.

தலைவாழை இலை இன்னும் சிக்கல். இலை சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுப் பச்சையைத் திருப்புவதால், சோற்றுக் குவியலின் அடிப்பக்கம் லேசாகப் பச்சை ஏறும். பச்சை அதிகம் என்று கேமரா தானாகத் திருத்தப்போய், சில நேரம் மொத்தச் சோறும் இளஞ்சிவப்பாகிவிடும். இலையின் பளபளப்பைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. சாய்ந்து பார்க்கும்போது இலையிலிருந்து தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். அப்படி ஒரு தளத்து ஒளியைத் தடுக்கும் போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு கோணத்தில் பளபளப்பு மறைந்து இலையின் அடர்பச்சை வெளியே வரும். ஆனால் நெய்யின் மினுக்கும் கூடவே போய்விடும், அதனால் அசோகாவுக்கு இது வேண்டாம். பித்தளை டபராவிடமும் இது பலிக்காது. உலோகத்தில் தெறிக்கும் ஒளி அப்படி ஒரே தளத்துக்கு ஒடுங்குவதில்லை.

இட்லிக்கு வேறு பிரச்சினை. பழைய கணக்குப்படி, எதிரே இருப்பது சராசரியாக 18 சதவீத ஒளியைத் திருப்பும் என்று வைத்துத்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. தட்டு நிறைய வெள்ளை இருந்தால் குழம்பி, இட்லியைச் சாம்பலாக்கும். திரையில் இட்லியைத் தொட்டு, அங்கே தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுங்கள், வெள்ளை திரும்பிவிடும். பக்கத்தில் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தொடுகறி) இருந்தால் அதன் மஞ்சளும் எடுபடும். ரொம்ப நெருங்கிப் போகாதீர்கள், போனின் அகன்ற லென்ஸ் முன்னால் இருக்கும் இட்லியைப் பூசணிக்காய் அளவுக்கு ஊதிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கும்பகோணம் டிகிரி காபியின் ஆவி. உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது அது குளிர்ந்து உருவான நுண்ணிய நீர்த்துளிகளை. அவை தம் மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் டம்ளருக்குப் பின்னால் ஜன்னலும் அதன் ஓரத்தில் இருட்டான சுவரும் இருக்க வேண்டும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி காணாமல் போகும். பின்னாலிருந்து வந்தால், இருட்டுக்கு எதிரே ஒரு வெள்ளை நூல் மெல்லச் சுருண்டு மேலே போகும்.