தவறணைப் பக்கம் கால் ஏன் திரும்புகிறது?

"வெறும் கதையாலே குடியை நிற்பாட்டலாமா?" என்று உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். கோவிலில் நூல் கட்டியாச்சு, பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கியாச்சு, சம்பளம் வந்த அன்றே எல்லாம் போச்சாம்.

டோபமின் என்ற மூளை இரசாயனத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது 1990களில் வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளில் கண்டது. பழச்சாறு வாயில் பட்டதும் டோபமின் நரம்புக்கலங்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்குக்குப் பழகியதும், துடிப்பு அந்த விளக்குக்கு மாறிவிட்டது, சாறு வரும்போது பெரிதாக ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டாலோ, அது வரவேண்டிய அதே கணத்தில் கலங்கள் வழக்கத்தை விட அடங்கிப்போயின!

குடிக்கிறவருக்கு அந்த விளக்கு சம்பள நாளாக இருக்கலாம், பின்னேரம் ஆறு மணியாக இருக்கலாம், கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தமாகவும் இருக்கலாம். முதல் மிடறுக்கு முன்பே மூளை ஓடத் தொடங்கிவிடும். கட்டிய நூல் இதில் எதைத் தடுக்கும்?

நல்ல உளவளத்துணையாளர் புத்திமதி சொல்லமாட்டார், கேட்பார். கடைசியாகக் குடித்த நாளில், அதற்கு ஒரு மணித்தியாலம் முன் எங்கே நின்றீர்கள், கையில் எவ்வளவு காசு, யாரோடு கோபம்? அப்படித்தான் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அப்புறம் சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போகும், வீட்டுக்கு வரும் பாதை மாறும். தவிர்க்க முடியாத விளக்குக்கு வேறு பயிற்சி. குடிக்கும் ஆசை எழும்பி, உச்சத்துக்குப் போய், குடிக்காவிட்டாலும் தானாகவே தணியும். அதை ஓர் அலையாகப் பார்த்துக் கடந்துபோகச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும், விளக்கு எரிந்தாலும் சாறு வராது என்று மூளை படிக்கிறது.

ஆனால் பழைய பாடம் அழிவதில்லை, புதிய பாடமோ படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வேறு ஊரில் குடி நிறுத்தும் சிகிச்சை நிலையத்தில் தங்கித் தெளிந்து வந்தவர், திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் தடுமாறுவது இதனால்தான். என்னைக் கேட்டால், புதுக் கட்டடங்களை விட, ஊருக்குள் வந்து மாதக்கணக்கில் தொடர்ந்து பேசக்கூடிய ஆட்களுக்குத்தான் காசு ஒதுக்கவேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். நாளாந்தம் கடுமையாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் வரவே மாட்டேன் என்றால் வீட்டுக்காரர் தனியாகப் போயும் உளவளத்துணை பெறலாம், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம்.