தணலில் நடக்கும் பாதம்

காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் தீமிதித் திருவிழா காணச் சென்றிருந்தேன். நண்பகலில் அடுக்கி எரியூட்டிய சவுக்கு விறகு அந்தி சாய்வதற்குள் தணலாகியிருந்தது; அதை நீண்ட மூங்கில் கழிகளால் தட்டிப் பரப்பிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். காப்புக் கட்டி விரதமிருந்தவர்கள் மஞ்சள் ஆடையும் கையில் வேப்பிலையுமாகப் பம்பை முழங்க வந்து, ஏறக்குறைய பத்துத் தப்படியில் அக்கினிக் குண்டத்தைக் கடந்து, மறுமுனையில் பால் ஊற்றிய சிறு குழியில் கால் நனைத்துச் சென்றார்கள். கயிற்றுக்கு இப்பால் எட்டடி தள்ளி நின்ற எனக்கு முகம் பொறுக்க முடியாமல் காந்தியது. தணலின் மேலேயே நடந்தவர்களின் பாதங்கள் எப்படி வேகாமல் தப்பின?

முகத்தைக் காந்தவைத்தது கதிர்வீச்சு. ஒரு பொருள் உமிழும் வெப்பக் கதிரின் அளவு அதன் தனிவெப்பநிலையின் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைச் சுழியாகக் கொண்டு எண்ணும் வெப்பநிலையின்) நான்காம் படிக்கேற்ப உயர்வதால், செந்தணல் தொலைவிலிருந்தே சுடுகிறது. ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் ஒரு பொருள் இருட்டில் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். மாலையில் வெறும் சாம்பலாகத் தெரிந்த குண்டம் விளக்கு வைக்கும் நேரத்தில் திடீரெனச் சிவந்ததாகத் தோன்றியதற்குக் காரணம் நெருப்பு கூடியதன்று, வெளிச்சம் குறைந்ததே.

பாதத்துக்கு வெப்பம் முதன்மையாக வருவது தொடுகையால். இங்கே வெப்பநிலை வேறு, வந்து சேரும் வெப்பம் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மதிய வெயிலில் கரையேற்றிய படகின் மரப்பலகையிலும் பக்கத்தில் கிடக்கும் இரும்பு நங்கூரத்திலும் கை வைத்துப் பார்த்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் நங்கூரம் மட்டுமே கையைச் சுடும். இரும்பு தன் உள்ளிருக்கும் வெப்பத்தைத் தொட்ட இடத்துக்கு விரைந்து கொண்டுவந்து சேர்க்கிறது. மரத்துக்கு அந்த வேகம் இல்லை. நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த மரக்கரியின் வெப்பக் கடத்துதிறன் இரும்பினுடையதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. தொட்ட கணத்தில் கரியின் மேற்பரப்பு தன்னிடமிருந்த சிறிதளவு வெப்பத்தைப் பாதத்துக்குக் கொடுத்துவிட்டுத் தானே குளிர்ந்துவிடுகிறது. ஒருவர் நடந்து சென்ற இடத்தில் அடிச்சுவடுகள் கறுத்துத் தெரிந்து, சில நொடிகளில் மீண்டும் சிவப்பதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கண்டிருக்கலாம்.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். இரு பொருள்கள் தொடும்போது தொடுபரப்பின் வெப்பநிலை அவ்விரண்டின் வெப்பநிலைகளுக்கும் இடையே அமையும்; ஒவ்வொன்றின் கடத்துதிறன், அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி சூடேறத் தேவைப்படும் வெப்பம்) ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், அது எதற்கு அதிகமோ அந்தப் பொருளின் வெப்பநிலையை நோக்கிச் சாயும். 500 டிகிரியில் உள்ள மரக்கரியை 33 டிகிரித் தோல் தொட்டால் தொடுபரப்பு ஏறத்தாழ 90 டிகிரிக்கு வரும். அதே 500 டிகிரியில் உள்ள எஃகுத் தகட்டைத் தொட்டாலோ அது 460 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே தீ மிதிக்கும் எவரும் காய்ந்த இரும்புத் தகட்டின் மேல் நடக்கத் துணியக் கூடாது.

90 டிகிரி என்பதும் சுடுகின்ற வெப்பம்தானே என்று கேட்கலாம். 60 டிகிரி வெப்பம் ஐந்து நொடி நீடித்தாலே தோல் வெந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஓரடி தணலில் இருப்பது ஏறக்குறைய அரை நொடிதான். அந்த நேரத்தில் வெப்பம் தோலுக்குள் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஆழமே செல்லும். உள்ளங்காலின் மேலடுக்கோ இறந்த செல்களால் ஆனது. வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்கு அது ஒரு மில்லிமீட்டரையும் மிஞ்சும். உயிருள்ள தோலை வெப்பம் எட்டுமுன் கால் எடுபட்டுவிடுகிறது.

இவற்றோடு சாம்பலும் சேர்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவர் அடிக்கடி பெட்டியை வீசி ஆட்டிச் சாம்பலைப் போக்குவது, அது வெப்பத்தை மறைத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதால்தான்.

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், காஷ்மீரைச் சேர்ந்த மாயவித்தைக் கலைஞர் குடா பக்ஸ் ஆய்வாளர்கள் முன்னிலையில் தீ மிதித்தார். தணலின் மேற்பரப்பு 430 டிகிரி என அளக்கப்பட்டது; அவர் பாதத்தில் காயம் ஏற்படவில்லை. குறைந்த நேரத் தொடுகையும் கரியின் குறைந்த கடத்துதிறனுமே காரணம் என்று ஆய்வை நடத்திய, அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ் முடிவுக்கு வந்தார்.

இந்த விளக்கத்தால் விரதத்தின் மதிப்பு குறைவதாக நான் கருதவில்லை. ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிகே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூன் 23 இரவில், பலர் ஒருவரை முதுகில் சுமந்தபடி தணலில் நடக்கிறார்கள். அங்கு நடந்து 2011இல் வெளியான ஆய்வில், நடப்பவரின் இதயத் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, கூட்டத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த உறவினர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. உறவில்லாத பார்வையாளர்களிடம் அந்த ஒத்திசைவு காணப்படவில்லை. காசிமேட்டில் கயிற்றைப் பற்றிக்கொண்டு மகன் கரையேறும்வரை மூச்சை அடக்கி நின்ற தாயின் முகம் அந்த ஆய்வைப் படித்தபோது நினைவுக்கு வந்தது.

எனினும் எல்லோரும் காயமின்றித் திரும்புவதில்லை. விரல் இடுக்கில் கங்கு ஒட்டிக்கொண்டால் அரை நொடிக் கணக்கு பொய்த்துவிடும். ஓடுபவரின் முன்பாதம் தணலுக்குள் புதைவதால் விரைந்து நடப்பதே ஓடுவதைவிட நல்லது. பழைய படகுப் பலகையோ கட்டடச் சட்டமோ விறகில் கலந்திருந்தால் அதிலுள்ள ஆணி தணலோடு காய்ந்து, மிதித்த இடத்தில் ஆழமாகச் சுட்டுவிடும். தடுக்கி விழுவதே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மெல்லிய தோலும் நீண்ட தொடுகையும் அப்போது ஒன்று சேர்கின்றன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குவதை எந்த விளக்கமும் நியாயப்படுத்தாது.

திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பின் ஒரு பெரியவர் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து குண்டத்தில் ஊற்றினார். மேலே வெறும் சாம்பலாகத் தெரிந்த இடத்திலிருந்தும் சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. பாதத்தைக் காத்த அதே சாம்பல், உள்ளிருக்கும் கனலையும் ஆறவிடாமல் மறுநாள் வரைகூடக் காத்துவைக்கும். விளையாடும் பிள்ளைகள் காலையில் அங்கே கால் வைத்துவிடக் கூடாதென்று, ஆவி அடங்கும்வரை அவர் கழியால் கிளறிக் கிளறி ஊற்றிக்கொண்டிருந்தார்.